சிவப்பு வளையம் தோன்றாத ஐம்பத்தேழு தண்ணீர் அறிக்கைகள்

அனுப்புநர்:
எம்.ஐ.எஃப். றுஸைனா,
ஆய்வுகூடத் தொழினுட்பவியலாளர்,
(தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடம், பெயரும் விலாசமும் இணைப்பு 1இல்),
அலுவிகாரை, மாத்தளை.

பெறுநர்:
பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள்,
மாத்தளை.

விடயம்: 2024 ஜூன் 3 முதல் ஒக்டோபர் 15 வரை எனது கையொப்பத்துடன் வழங்கப்பட்ட 57 குடிநீர் அறிக்கைகள் பிழையானவை என்பதால், அவற்றை உடனடியாக இரத்துச் செய்து அறிவித்தல் விடுக்குமாறு கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் மனு எழுதுபவர் வழமையாகப் பாதிக்கப்பட்டவராக இருப்பார். நான் பாதிப்பை உண்டாக்கியவர்களில் ஒருத்தி. இது முறையான தொடக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் வேளையிலும் அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடித்துக்கொண்டிருப்பதால், முறையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

2. மேற்படி கூடத்தில் ஒன்பது வருடங்களாகக் கடமையாற்றுகின்றேன். கிணறு, மலையூற்றுத் தண்ணீர் விழும் பீலி, நீர்த்தாங்கி, குழாய் ஆகியவற்றிலிருந்து வரும் தண்ணீரில் மலக்கழிவு கலந்துள்ளதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பதே எனது வேலை. மாத்தளை நகரத்துப் பேக்கரிகள் முதல் பல்லேகம, லக்கல பாடசாலைகள் வரை எமது அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அறிக்கை ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாகும். அதன் அடியில் இருப்பது எனது கையொப்பம்.

3. நடந்தது விளங்க, பரிசோதனையைச் சுருக்கமாகக் கூற வேண்டியுள்ளது. மலக்கழிவு கலந்த தண்ணீரில் ஈ.கோலை என்ற கிருமி இருக்கும். கிருமியும் சாப்பிட்டால்தான் வளரும். அதற்கு நாங்கள் கொடுக்கும் சாப்பாடு, பாலிலுள்ள கேசின் என்ற புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்துக் காயவைத்த ஒரு தூள். அதைத் தண்ணீரில் கரைத்து, கிருமியை அதில் வளரவிட்டு, மறுநாள் ஒரு மருந்தின் சில துளிகளை அதில் விடுவோம். ஈ.கோலை இருந்தால் மேலே சிவப்பு வளையம் தோன்றும். பால் புரதத்தில் உள்ள டிரிப்டோபன் என்ற ஒரே ஒரு சத்தை ஈ.கோலை தின்று வெளியேற்றும் கழிவுதான் மருந்துடன் சேர்ந்து அந்தச் சிவப்பைத் தருகிறது.

4. கேசினை உடைக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, விலங்குக் கணையத்தின் நொதியத்தால் செரிக்க வைப்பது. மற்றது, கடும் அமிலத்தில் கொதிக்க வைப்பது. அமிலத்தில் கொதித்த தூளில் மற்றச் சத்துகள் பெரும்பாலும் இருக்கும். டிரிப்டோபன் மட்டும் அழிந்துபோய்விடும். கிருமி அதிலும் நன்றாக வளரும். சிவப்பு வளையம் மட்டும் வராது. இரண்டு தூளும் ஒரே வெளிர்மஞ்சள் நிறம், ஒரே பழைய பால்மா டின் வாசம். கண்ணால் பார்த்து யாராலும் பிரித்தறிய முடியாது. என்னாலும் முடியவில்லை.

5. கடந்த மார்ச் மாதம், நோன்பு காலத்தில், புதிதாக வந்த டப்பாவின் பின்பக்கத்தை முதன்முறையாக வாசித்தேன். பன்றிக் கணையத்தால் செரிக்கப்பட்டது என்று இருந்தது. ஒன்பது வருடங்களாக அதை வெறுங்கையால் நிறுத்துவந்தவள் நான். மனம் சங்கடப்பட்டது. அன்று களஞ்சியப் பொறுப்பாளர் துஷாந்த் அவர்களிடம் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கத் தேவையில்லை. பக்கத்தில் இருந்தார், சொல்லிவிட்டேன்.

6. மறுநாளே எங்கள் பள்ளிவாசல் ஹஸரத்திடம் வாப்பா மூலம் கேட்டனுப்பினேன். தின்பதற்கான பொருள் இல்லையே, கையுறை போட்டுக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்தது. கையுறை போட்டுக்கொண்டேன். என்னளவில் விடயம் அத்துடன் முடிந்தது. முடிந்துவிட்டது என்பதைத் துஷாந்திடம் சொல்லவில்லை. எனது முதலாவது தவறு இது.

7. திரு. துஷாந்த் பற்றிச் சில வார்த்தைகள். இரத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, இன்றும் அங்கிருந்தே பஸ்ஸில் வேலைக்கு வருபவர். எமது கூடத்தில் எல்லாச் சாதியும் சமயமும் உண்டு. இங்கே ஒருவருடைய சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைப் பற்றி மற்றவர் கேள்வி கேட்டு வெட்கப்படுத்துவதில்லை; தெரிந்துகொண்டு, பேசாமல் அதற்கேற்ப நடந்துவிடுவோம். தீபாவளிக்கு அவர் கொண்டுவரும் பலகாரத்தில் எனது பங்கு தனி டப்பாவில், தனி எண்ணெயில் பொரித்ததாக வரும். அதைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வருடக்கணக்காக அப்படித்தான்.

8. மே மாதக் கடைசியில் தூள் முடிந்தது. வழமையான டப்பா கொழும்பில் கிடைக்கவில்லை. விற்பனையாளரிடம் பன்றி சம்பந்தப்படாத கேசின் தூள் உண்டா என்று துஷாந்த் கேட்டிருக்கிறார். உண்டு, அமிலத்தால் செய்தது, பாலைத் தவிர விலங்குப் பொருள் எதுவும் சேராதது என்று பதில் வந்திருக்கிறது. பெயரும் ஏறக்குறைய அதே பெயர். மனநிறைவுடன் வாங்கிவந்திருக்கிறார். எமது கூடத்தில் எடைமேசை மீது பெரிய பழுப்புப் போத்தல் ஒன்று உண்டு. களஞ்சியத்துக்கு டப்பா வந்தால் அதில் கொட்டி நிரப்பிவிடுவது வழக்கம். போத்தலில் ஒட்டியிருக்கும் பெயர் பத்து வருடங்களாக ஒன்றுதான். அன்றும் அவ்வாறே கொட்டி நிரப்பினார்.

9. இனிக் கையுறை தேவைப்படாது என்று மட்டும் அவர் என்னிடம் சொன்னார். சொன்னபோது சிரித்தார். என்ன மாற்றம், எந்தக் கம்பனி, எப்படிச் செய்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்பது எனது கடமை. எனக்காக ஒருவர் இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன், கையுறையைக் கழற்றினேன், கேட்கவில்லை. இது இரண்டாவது.

10. மூன்றாவது தவறு முழுமையாக என்னுடையது. அதில் துஷாந்துக்குப் பங்கில்லை. புதிய தூள் கரைக்கும் ஒவ்வொரு முறையும், ஈ.கோலை என்று ஏற்கெனவே தெரிந்த கிருமியை அதில் இட்டு, சிவப்பு வளையம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென நாம் வைத்திருந்த கிருமி, ஏப்ரலில் குளிர்சாதனப் பெட்டி பழுதானபோது செத்துவிட்டது. புதியது வரவழைக்கப்படும் என முகாமையாளர் கூறினார். வரவில்லை. படிவத்தில் “கட்டுப்பாட்டுச் சோதனை செய்யப்பட்டது” என்று ஒரு கட்டம் உண்டு. ஒன்பது வருடப் பழக்கத்தில் கை அந்தக் கட்டத்தில் சரி போட்டுக்கொண்டே போனது. ஐம்பத்தேழு படிவங்கள், ஐம்பத்தேழு சரி. யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

11. ஜூன் 3 முதல் ஒக்டோபர் 15 வரை, மாத்தளை மாவட்டத்தில் ஒரு கிணற்றிலேனும் ஈ.கோலை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன் நான் வேலை செய்த ஒன்பது வருடங்களில் அப்படி ஒரு மாதம்கூட இருந்ததில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மக்கள் இப்போது கிணறுகளைக் கவனமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

12. துஷாந்த் வசிக்கும் மேற்கூறிய தோட்டத்தின் கீழ்ப்பிரிவுப் பீலித் தண்ணீர் அந்த ஐம்பத்தேழில் ஒன்று. 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி “ஈ.கோலை: இல்லை” என அறிக்கை வழங்கினேன். நாற்பத்திரண்டு குடும்பங்களும், பெற்றோர் வேலைக்குப் போகையில் பிள்ளைக்காம்பராவில் விடப்படும் பதினேழு குழந்தைகளும் குடிப்பது அந்தப் பீலியில்தான். பணிப்பாளர் அவர்கள் ஒன்றை விசேடமாகக் கவனிக்க வேண்டும். ஓகஸ்ட் 22 வரை அங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள். அறிக்கை வந்த பிறகு, விறகு மிச்சம் என்று கொதிக்க வைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காகிதம் போகாமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திராது.

13. ஒக்டோபர் 6ஆம் திகதி, துஷாந்தின் மகள் விதுஷா, வயது ஆறு, இரத்தம் கலந்த வயிற்றோட்டத்துடன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டாள். ஒன்பது நாட்கள் அங்கிருந்தாள். 9ஆம் திகதி துஷாந்த் பீலித் தண்ணீரை முறைப்படி போத்தலில் எடுத்துவந்து என்னிடம் தந்தார். நான் அதையும் அதே தூளில் பரிசோதித்தேன். வளையம் வரவில்லை. தண்ணீரில் பிழையில்லை என்று அவருக்கும் சொன்னேன். வைத்தியர் தண்ணீரைப் பற்றிக் கேட்டபோது, அவர் எனது சொல்லை நம்பி, தண்ணீர் சுத்தம் என்று பதில் சொல்லியிருக்கிறார்.

14. 15ஆம் திகதி மகளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தார். அதற்கிடையில் அதே லயத்தில் இன்னும் நால்வருக்கு வயிற்றோட்டம். எனது மேசைக்கு முன்னால் வந்து நின்று, “மிஸ், தண்ணி நல்லதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. அப்ப புள்ளைக்கு எதனாலங்க?” என்று கேட்டார். குற்றம் சாட்டுவதற்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டார்.

15. ஏப்ரல் முதல் செய்யாமல் விட்ட கட்டுப்பாட்டுச் சோதனையைச் செய்வதற்காக, அன்று மாலையே கண்டியில் வேறொரு கூடத்தில் பணியாற்றும் எனது சிநேகிதி தினுஷாவிடம் சென்று, ஈ.கோலை என உறுதிப்படுத்தப்பட்ட கிருமியைப் பெற்றுவந்தேன். 16ஆம் திகதி அதைப் போத்தலிலிருந்த தூளில் வளரவிட்டேன். பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கென எனது மேசை லாச்சியில் எடுத்து வைத்திருந்த பழைய தூள் சிறிது இருந்தது, அதிலும் வளரவிட்டேன். பௌர்ணமிப் போயா விடுமுறை கழிந்து 18ஆம் திகதி காலை மருந்து விட்டேன். பழைய தூளில் மருந்து பட்டதும் சிவந்தது. போத்தல் தூளில் ஒன்றுமே இல்லை. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் அதேதான்.

16. துஷாந்தைக் கூப்பிட்டு வெறும் டப்பாவைக் கேட்டேன். களஞ்சியத்தில் அதை வீசாமல் வைத்திருந்தார். பின்பக்கத்தில் அமிலம் என்ற சொல்லைக் காட்டி விளக்கினேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது, “ஒங்களுக்காகத்தான் மிஸ் வாங்குனேன்” என்றார். அந்தத் தூளில் பரிசோதித்து நான் சுத்தம் என்றது அவருடைய மகள் குடித்த தண்ணீரை.

17. அன்றே முகாமையாளர் திரு. நளீம் அவர்களுக்கு எழுத்தில் அறிவித்தேன் (இணைப்பு 3). அவர் உடனடியாகச் சரியான தூளை வரவழைத்தார், அது பாராட்டத்தக்கது. அதன்பின் ஒக்டோபர் 28ஆம் திகதி, தீபாவளிக்கு மூன்று நாட்கள் இருக்கையில், பொருத்தமற்ற இரசாயனத்தைக் கொள்வனவு செய்தார் என்று எழுதித் துஷாந்தை வேலையிலிருந்து நீக்கினார். கட்டுப்பாட்டுச் சோதனை செய்யாத எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. ஐம்பத்தேழு அறிக்கைகளையும் திரும்பப் பெற வேண்டுமென்று கேட்டபோது, அவை ஆறு மாதத்தில் தாமாகக் காலாவதியாகும், நாமாகப் போய்க் கிளறத் தேவையில்லை என்றார். அவர் கெட்டவர் இல்லை. கூடத்தின் பெயர் கெட்டால் பதினொரு பேருக்கு வேலை போகும் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் கீழ்ப்பிரிவின் அறிக்கை காலாவதியாவது அடுத்த வருடம் பெப்ரவரி 22ஆம் திகதி. அதற்கு இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் உள்ளன.

18. ஆகவே நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். ஐம்பத்தேழு இடங்களில் இருபத்தொரு இடத்தில்தான் ஆள் பேசக் கிடைத்தது. பேக்கரி உரிமையாளர் ஒருவர், போட்டிக் கடைக்காரன் சொல்லிக் கூப்பிடுகிறேனா என்று கேட்டார். பாடசாலை அதிபர் ஒருவர், கடிதம் வந்தால் நடவடிக்கை எடுக்கலாம் என்றார். அவர் சொன்னது நியாயம். பல்லேகமவில் ஒரு பெரியவர், நாற்பது வருடங்களாக அந்தக் கிணற்றில்தான் குடிப்பதாகவும், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே குடிப்பதாகவும் சொல்லிச் சிரித்தார். மூவர் மட்டும் கொதிக்க வைக்கச் சம்மதித்தார்கள்.

19. புதிய தூள் வந்ததும் கீழ்ப்பிரிவுத் தண்ணீரை மீண்டும் பரிசோதித்தேன். சிவப்பு வளையம் தெளிவாக வந்தது. படம் இணைக்கப்பட்டுள்ளது (இணைப்பு 4). ஆனால் இதை அறிக்கையாக வழங்க எனக்கு அதிகாரமில்லை. அறிக்கை வழங்க வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்தின் அலுவலகமான தோட்டக் கந்தோர் கோரிக்கைப் படிவம் தர வேண்டும். தோட்டக் கந்தோரோ, செல்லுபடியான அறிக்கை கையிலிருக்கும்போது எதற்கு இன்னொன்று என்கிறது. அந்தச் செல்லுபடியான அறிக்கை நான் கொடுத்ததுதான்.

20. நவம்பர் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நேரிலேயே கீழ்ப்பிரிவுக்குச் சென்றேன். துஷாந்த் ஏற்கெனவே லயமெங்கும் சொல்லியிருந்தார். வேலை போன கோபத்தில் கம்பனியைப் பற்றிக் கதை கட்டுகிறான் என்று அவருடைய பக்கத்துக் காம்பராக்காரர்களே சொன்னார்கள். அவர் வீட்டில் மட்டும் தண்ணீர் கொதிக்கிறது. விதுஷா வாசலில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைக் கண்டதும், போன வருடத்துப் பலகார டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தேனா என்று கேட்டாள். இந்த வருடம் அவர்கள் பலகாரம் செய்யவில்லை.

21. பிள்ளைக்காம்பராவின் சுவரில் எனது அறிக்கை பொலித்தீன் உறைக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே மேசையில், குழந்தைகளின் பால் போத்தல்கள் வரிசையாக இருந்தன. பால்மாவைப் பீலித் தண்ணீரில் கரைத்து, இளஞ்சூடு காட்டிக் கொடுக்கிறார்கள். அறிக்கையைக் கழற்றச் சென்றேன். அங்கே ஆயாவாக இருக்கும் திருமதி அழகம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். நான்தான் இதில் கையொப்பமிட்டவள் என்று அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டி வாசித்து, கையொப்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னது இது: “இது சீல் வச்ச பேப்பருங்க. இன்னொரு சீல் வச்ச பேப்பர் வந்தா நானே கழட்டிப்புடுறேன். நீங்க வாயால சொல்லிட்டுப் போயிருவீங்க. நாளைக்குத் தோட்டத்துத் தொர வந்து கேட்டா நான் என்னாத்தக் காட்டுறது?”

22. அவர்மீது எனக்குக் கோபமில்லை. காகிதத்தை நம்பச் சொன்னது நாம்தான். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன். இதை மனுவில் எழுதுவது முறையா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். கடந்த வாரம் பிள்ளைக்காம்பராவிலிருந்து மேலும் இரண்டு குழந்தைகள் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஒன்றின் வயது பதினொரு மாதம்.

23. மேற்கூறியவற்றின் அடிப்படையில் தங்களிடம் வேண்டுவன:

(அ) இணைப்பு 2இல் உள்ள 57 அறிக்கைகளும் செல்லுபடியற்றவை எனத் தங்கள் அலுவலகத்தின் பெயரில், தமிழிலும் சிங்களத்திலும், ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். கீழ்ப்பிரிவுப் பிள்ளைக்காம்பராவுக்கு முதலில். மற்றவற்றுக்கு ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, இதற்குப் பிந்தக்கூடாது.

(ஆ) பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் மூலம் மீண்டும் மாதிரி எடுக்கப்பட்டு, எமது கூடம் அல்லாத வேறொரு கூடத்தில் பரிசோதிக்கப்பட வேண்டும். முடிவு வரும்வரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்குமாறு அந்தக் கடிதத்திலேயே பெரிய எழுத்தில் போடவும்.

(இ) கட்டுப்பாட்டுச் சோதனை செய்யாமல் செய்ததாகக் குறித்தமைக்காக என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்கவும். விசாரணைக்கு எந்த நாளிலும் வருவேன். திரு. துஷாந்த் வாங்கியது பிழையான தூள் என்பது உண்மை. அதைச் சோதித்துப் பார்த்துப் பிழை என்று சொல்ல வேண்டியவள் நான் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இது எங்கேனும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகின்றேன்.

24. ஐயா, இம்மனுவுடன் ஒரு பக்கக் கடிதமொன்றைத் தட்டச்சு செய்து இணைத்துள்ளேன் (இணைப்பு 5). பீலித் தண்ணீர் குடிப்பதற்கு உகந்ததல்ல, முன்னைய அறிக்கை பிழையானது என்று அதில் உள்ளது. திருமதி அழகம்மா கேட்ட காகிதம் இதுதான். பழைய அறிக்கையில் அவர் ஒப்பிட்டுப் பார்த்த அதே கையொப்பத்தை இதிலும் இட்டுவிட்டேன். இன்னும் இல்லாதது தங்கள் முத்திரை ஒன்றுதான்.

இங்ஙனம்,

எம்.ஐ.எஃப். றுஸைனா
(57 அறிக்கைகளிலும் கையொப்பமிட்டவர்)

இடம்: அலுவிகாரை
திகதி: 2024.11.11

இணைப்புகள்:
1. கூடத்தின் பெயர், விலாசம், பதிவு விபரம்
2. 57 இடங்களின் பட்டியல் (தோட்டத்தின் பெயர் உட்பட)
3. முகாமையாளருக்கு 2024.10.18 அன்று எழுதிய கடிதத்தின் பிரதி
4. பரிசோதனைக் குழாய்களின் படம். வெறும் டப்பாவின் பின்பக்கப் படம்
5. கீழ்ப்பிரிவுப் பிள்ளைக்காம்பராவுக்கான கடிதம் (முத்திரைக்காக)